முல்லை அரும்பும் காவிப் பல்லும்

சங்கப் பாடல்களை வகுப்பில் நடத்துகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உவமையைச் சொன்ன கையோடு அதற்கோர் எடுத்துக்காட்டை எதிரில் இருக்கும் முகங்களில் தேடத் தொடங்கிவிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஆசிரியப் பணியில் சேர்ந்த மறு ஆண்டு, 2008. குறுந்தொகையின் 162ஆம் பாடலை நடத்திக்கொண்டிருந்தேன். மாலைப் பொழுதில் தனியே திரும்பி வரும் தலைவன், பூத்துக் கிடக்கும் முல்லைக் கொடியைப் பார்க்கிறான். சிறிய வெள்ளை அரும்புகள் அவனுக்குப் பற்களாகத் தெரிகின்றன. முல்லை தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகவே தோன்றுகிறது. தனித்திருப்பவனிடம் இப்படி நடந்துகொள்வது உனக்குத் தகுமா என்று அந்தக் கொடியையே கேட்கிறான்.

பொருள் சொல்லி முடித்ததும், இளம் விரிவுரையாளனுக்கே உரிய உற்சாகத்தில் ஒரு வேடிக்கையையும் சேர்த்தேன். பல் துலக்காமல் வகுப்புக்கு வருகிறவர்களைக் கண்டால் முல்லை சிரிக்காது, கொடியை அறுத்துக்கொண்டு ஓடிவிடும் என்றேன். வகுப்பு சிரித்தது. மூன்றாம் வரிசையில் ஒரு மாணவி மட்டும் துப்பட்டாவின் ஓரத்தை வாயருகே கொண்டுபோனாள். அதை நான் பார்த்தேன்; அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கட்டுரை ஏட்டைக் கொடுக்கத் துறைக்கு வந்தவள், கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "நான் தினமும் ரெண்டு வேளை பல் விளக்குறேன் ஐயா. எங்க ஊர்ல எல்லாருக்கும் இப்படித்தான். தண்ணி அப்படி" என்றாள். சொல்லும்போதும் கை வாயை மறைத்திருந்தது. தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவள். கையை எடுத்தபோது முன்பற்களின் குறுக்கே பழுப்பு நிறக் கோடுகள் தெரிந்தன. சுண்ணாம்பு அடித்த சுவரில் மழைநீர் வழிந்த தடம்போல இருந்தன அவை. என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. தலைவன் முல்லையிடம் கேட்ட கேள்வியை நான்கு நாள் நடத்தியிருந்தேன். அது என்னிடம் கேட்கப்படும் என்று எண்ணியிருக்கவில்லை.

பல்லின் நிறத்தைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். தமிழ் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்டதுண்டு. பல்லையும் சிரிப்பையும் ஒரே சொல்லால் குறித்த மொழி நம்முடையது. முறுவல் என்றால் பல், புன்னகையும் கூட. மூரல் என்றாலும் அப்படியே. அச்சொல்லுக்குச் சோறு என்று மூன்றாவது பொருளும் உண்டு. உணவும் பல்லும் சிரிப்பும் ஒரே சொல்லுக்குள் எப்படிச் சேர்ந்தன என்பதை மொழியியலார் ஆராயட்டும். எனக்கு அது வெறும் தற்செயலாகத் தோன்றவில்லை.

நம் புலவர்கள் பல்லுக்குக் காட்டிய உவமைகளை அடுக்கிப் பார்த்தால் ஒன்று புலப்படும். முல்லை அரும்பு, முத்து, மயிற்பீலியின் அடிப்பகுதியாகிய முருந்து. இவற்றில் எதுவும் சுண்ணாம்பின் வெண்மையைக் கொண்டதன்று. முத்துக்கு உள்ளிருந்து வருகிற மங்கிய ஒளி உண்டு. முருந்தில் ஒளி சற்று ஊடுருவும். இயற்கையான பல்லும் அவ்வாறே. அதன் மேலுறையான எனாமல் ஏறத்தாழக் கண்ணாடித்தன்மை உடையது. மிகத் தடித்த இடத்திலும் இரண்டரை மில்லிமீட்டர் அளவே இருக்கும். அதன் கீழுள்ள டென்டின் என்னும் திசு மஞ்சள் சாயல் கொண்டது. நாம் பல்லின் நிறம் என்று காண்பது பெரும்பாலும் எனாமல் வழியே தெரியும் டென்டினின் நிறத்தைத்தான். வயது ஏற ஏற எனாமல் தேயும், டென்டின் தடிக்கும், பல் மஞ்சளாகும். இன்று விளம்பரப் பலகைகளில் காணும் காகித வெண்மை எந்த உடலிலும் இயல்பாக விளைவதில்லை. புலவர்கள் உற்றுப் பார்த்திருக்கிறார்கள். விளம்பரக்காரர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

முல்லையின் வெண்மை இலக்கியத்தில் இருந்தது. நான் வளர்ந்த வீட்டில் பல்லின் நிறம் சிவப்பு.

என் தாயின் தாய் காவிரிக் கரைக்காரர். வெற்றிலைச் செல்லமும் பாக்குவெட்டியும் சுண்ணாம்புக் கரண்டகமும் இல்லாமல் அவர் திண்ணையில் அமர்ந்து நான் பார்த்ததில்லை. வெற்றிலையின் நரம்பைக் கிள்ளி, முதுகில் சுண்ணாம்பைத் தடவி, பாக்குடன் மடித்து வாய்க்குள் வைத்துக்கொள்வார். சிறிது நேரத்தில் உதடு சிவக்கும். நன்றாகச் சிவந்தால் கட்டியவனுக்குப் பாசம் அதிகம் என்பது அந்தத் தெருவின் நம்பிக்கை. எதனால் சிவக்கிறது என்று கேட்டால் எல்லாரும் வெற்றிலையைத்தான் சொல்வார்கள். உண்மையில் நிறத்தைத் தருவது பாக்கு. அதிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் சுண்ணாம்பின் காரத்தில் காற்றோடு சேர்ந்து சிவப்பாகின்றன. மூன்றில் ஒன்று இல்லாமற்போனாலும் சுவை கெடும். பாக்கோ சுண்ணாம்போ இல்லாவிட்டால் நிறமும் வராது. அந்தச் சிவப்பு, நாள்பட நாள்படப் பல்லின் மேல் படிந்து முதலில் காவியாகவும் பின்பு ஏறத்தாழக் கறுப்பாகவும் மாறும். 'பல்லில் காவி ஏறிவிட்டது' என்று நாம் சொல்வது இதைத்தான்.

இந்தப் பழக்கத்தின் தொன்மையைச் சொல்லச் சிலப்பதிகாரம் ஒன்றே போதும். கொலைக்களக் காதையில் கோவலன் கடைசியாக உண்டு முடித்ததும் கண்ணகி அவனுக்கு வெற்றிலையும் பாக்கும் தருகிறாள். பிறகே அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு போகிறான். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் காயலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, இவ்வூர் மக்கள் ஓர் இலையை எந்நேரமும் வாயில் அடக்கிக்கொண்டே இருக்கிறார்கள் என்று வியந்தார். 1443இல் விசயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் தாம்பூலத்தின் பெருமையை விரிவாகவே பாடிவைத்தார். அரசவைகளில் வெற்றிலைப் பை ஏந்துவதற்கென்றே அடைப்பைக்காரர் இருந்தனர். அரசனுக்கு மிக அருகில் நிற்கும் உரிமை பெற்ற பதவி அது. ஆக, சிவந்த வாயும் காவிப் பல்லும் பல நூற்றாண்டுகள் நம்மிடையே செல்வத்தின் அடையாளமாகவும் மங்கலத்தின் அடையாளமாகவும் இருந்தன. அழுக்கின் அடையாளமாக அவற்றை எவரும் காணவில்லை.

மங்கலம் என்று சொன்னேன். அதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. தரும சாத்திரங்கள் பிரமசாரிக்கும் துறவிக்கும் கைம்பெண்ணுக்கும் தாம்பூலத்தை விலக்கின. எல்லாச் சமூகங்களும் இதைக் கடைப்பிடித்ததில்லை. எங்கள் வீட்டில் கடைப்பிடித்தார்கள். தாத்தா 1989இல் காலமானார். காரியங்கள் முடிந்த பின் வெற்றிலைச் செல்லம் பரணுக்குப் போயிற்று. ஆனால் நாற்பது ஆண்டுக் காவி பரணுக்குப் போகாதல்லவா? உமிக்கரியை விரலில் தொட்டுப் பாட்டி தேய்த்துக்கொண்டே இருந்ததைச் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். அடுத்த வீட்டு அம்மாள் ஒருநாள், "இன்னும் சிவப்பு போகலையே, ஒளிச்சு வச்சுப் போடறேளா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். பாட்டி பதில் சொல்லவில்லை. அதன் பின் அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் அதிகம் கண்டதில்லை. முன்பு எந்த நிறம் அவருக்குப் பெருமையாக இருந்ததோ, அதுவே அவர்மேல் சாட்சி சொல்லத் தொடங்கியிருந்தது. பல்லில் ஒரு மாற்றமும் நிகழவில்லை. அதைப் பார்த்த கண்கள் மாறியிருந்தன.

பாக்கைப் பெருமையாக மட்டும் சொல்லிப் போவது நேர்மையன்று என்பதால் இதையும் குறிப்பிடுகிறேன். புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட நூலில் உறுதிப்படுத்தியது. காவியைப் பற்றி ஊர் பேசிய அளவுக்கு வாய்க்குள் ஆறாத புண்ணைப் பற்றிப் பேசியிருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள்.

பல்லின் நிறத்துக்கு நாம் ஏற்றும் பொருள் எவ்வளவு தூரம் வழக்கத்தைச் சார்ந்தது என்பதற்கு ஜப்பானைவிடத் தெளிவான சான்று இல்லை. அங்கே பற்களைக் கறுப்பாக்கிக்கொள்வது பல நூற்றாண்டுகள் அழகாகக் கருதப்பட்டது. ஒஹாகுரோ என்பது அதன் பெயர். இரும்புத் துண்டுகளைப் புளிக்காடியில் ஊறவைத்த நீரையும், மாசிக்காய் போன்றதொரு துவர்ப்புக் காயின் பொடியையும் மாற்றி மாற்றிப் பல்லில் பூசுவார்கள். நம் ஊரில் அன்னபேதியையும் துவர்ப்புக் காய்களையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சிய அதே வேதியியல்தான். அவர்கள் அந்த மையால் சிரிப்பை எழுதிக்கொண்டார்கள். முதலில் அரசவை மகளிர், பிறகு எதோ காலத்தில் மணமான பெண்கள் எல்லாருமே இதைப் பின்பற்றினர். ஹெயான் காலக் கதை மரபைச் சேர்ந்த 'பூச்சிகளை நேசித்த இளவரசி' என்றொரு சிறுகதை உண்டு. புருவத்தை மழிக்காமல், பல்லைக் கறுப்பாக்காமல், கம்பளிப்புழுக்களை வளர்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண். அவளுடைய புருவத்தைக் கம்பளிப்புழு என்றும், வெண்பற்கள் தெரியும் வாயைத் தோலுரித்த புழு என்றும் தோழியர் கேலி பேசுவார்கள். நம் முல்லை அரும்பு அங்கே போயிருந்தால் அதற்கு இதுதான் நேர்ந்திருக்கும். 1870இல் உயர்குடியினருக்கு இவ்வழக்கத்தை அரசு தடைசெய்தது. 1873இல் பேரரசியே வெண்பற்களுடன் பொதுமக்கள் முன் தோன்றினார். மேற்கத்தியத் தூதர்களின் முகச்சுளிப்பே அந்த மாற்றத்துக்குப் பெரிய காரணம். ஆயிரம் ஆண்டு அழகு ஒரு தலைமுறைக்குள் அநாகரிகமாயிற்று.

நம் நாட்டில் அத்தகைய ஆணை ஏதும் வரவில்லை. மாற்றம் குளியலறை வழியாக வந்தது. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் வேப்பங்குச்சியும் பல் துலக்கிய காலம் மிக நீண்டது. விடியற்காலையில் குச்சியால் பல் துலக்கிக் கண் கழுவித் தெய்வம் தொழவேண்டும் என்று ஆசாரக்கோவை விதிக்கிறது. குச்சி கிடைக்காத இடத்தில் உமிக்கரி, சாம்பல், உப்பு, செங்கல் தூள். இவை காவியைச் சுரண்டி எடுக்கும் என்பது உண்மை. ஆனால் கரடான தூள் நாள்தோறும் எனாமலையும் சேர்த்தே சுரண்டும். எனாமல் மெலிந்தால் அடியிலுள்ள மஞ்சள் தெரியும். வெண்மைக்காகத் தேய்த்தவனுக்கு மஞ்சளே மிஞ்சும். பிறகு பொடிகள் வந்தன. மைசூருக்கு அருகில் நஞ்சன்கூட்டில் 1913இல் தொடங்கப்பட்ட வைத்தியசாலையின் இளஞ்சிவப்புப் பல்பொடி தமிழகத்து வீடுகளிலும் புழங்கியது. கோபால் பல்பொடியை வானொலி வழியாக அறியாத என் முந்தைய தலைமுறையினர் குறைவு. 1937இல் கோல்கேட் இந்தியாவில் நிறுவனமாயிற்று. பற்பசை என்ற சொல்லும் பொருளும் நகரத்திலிருந்து கிராமத்துக்குப் போக இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின.

அதே காலத்தில்தான் பல்லில் கறை ஏற்றும் புதிய பழக்கங்களும் பரவின என்பது வேடிக்கை. காப்பி தமிழ்க் குடும்பங்களுக்குள் நுழைந்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் சுவையாக எழுதியிருக்கிறார். தேநீர் அதற்குப் பின்னால் வந்தது. இரண்டிலும் பாக்கில் இருப்பதைப் போன்ற துவர்ப்புப் பொருள்கள் உண்டு. பீடி, சுருட்டு, மூக்குப்பொடியைப் பல்லில் தேய்த்துக்கொள்ளும் வழக்கம் ஆகியவை தம் பங்குக்குப் பழுப்பைச் சேர்த்தன. இவையெல்லாம் பல்லின் மேற்பரப்பில் படிபவை. பல் மருத்துவர் அரை மணி நேரத்தில் பெரும்பாலானவற்றை நீக்கிவிடுவார். 'நல்ல பழக்கம், கெட்ட பழக்கம்' என்ற பேச்செல்லாம் இந்த வகைக் கறைக்குத்தான் ஓரளவாவது பொருந்தும். அதே பேச்சை எல்லாக் கறைக்கும் நீட்டியதுதான் வகுப்பறையில் நான் செய்த பிழை.

அந்த மாணவியின் பற்களில் இருந்தது வேறு வகை. அதன் வரலாறு அமெரிக்காவின் ஒரு மலையூரில் தொடங்குகிறது.

1901இல் பிரடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொழில் தொடங்கினார். அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் சாக்லேட் நிறக் கறை. எந்த மருத்துவ நூலிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஊராரிடம் விளக்கம் நிறைய இருந்தது: பன்றி இறைச்சியை அதிகம் உண்பதால், மட்டமான பாலைக் குடிப்பதால், தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருப்பதால். எங்கும் முதலில் குற்றம் சுமத்தப்படுவது தட்டில் இருக்கும் உணவும் அதை உண்ணும் மனிதனும்தான். 1909இல் அக்காலப் பல் மருத்துவத்தின் பெரும்புள்ளியான ஜி. வி. பிளாக் வந்து சேர்ந்தார். இருவரும் சேர்ந்து ஆராய்ந்ததில் இரண்டு செய்திகள் தெரிந்தன. நிரந்தரப் பற்கள் முளைத்து முடிந்த பிறகு அந்த ஊருக்குக் குடிவந்தவர்களுக்குக் கறை வருவதில்லை. கறைபட்ட பற்கள் சொத்தையாவதும் குறைவு.

1923இல் ஐடகோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூர்த் தாய்மார்கள் மெக்கேயிடம் சொன்னார்கள்: ஐந்து மைல் தள்ளியிருந்த வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகுதான் குழந்தைகளுக்கு இந்தக் கறை வந்தது. மெக்கே அந்தத் தண்ணீரைச் சோதித்தார். வழக்கமான சோதனையில் எதுவும் அகப்படவில்லை. இருந்தும் அந்த ஊற்றை விட்டுவிடச் சொன்னார். ஊர் விட்டது. சில ஆண்டுகளில் இளைய குழந்தைகளின் புதுப் பற்கள் கறையின்றி முளைத்தன. ஆய்வகம் கண்டுபிடிப்பதற்கு முன்பே தாய்மார்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதை இந்த வரலாற்றில் நான் மிக விரும்பும் பகுதியாகச் சொல்வேன். பெயர் மட்டும் 1931இல் கிடைத்தது. ஆர்கன்சாஸ் மாநிலத்தில் பாக்சைட் என்ற சுரங்க ஊரிலும் அதே கறை. அந்த ஊர் அல்கோவா என்னும் அலுமினிய நிறுவனத்துக்குச் சொந்தம். அலுமினியப் பாத்திரங்கள் நஞ்சு என்று ஏற்கெனவே பேச்சு கிளம்பியிருந்ததால், பழி தங்கள்மேல் விழுமோ என்று அஞ்சிய நிறுவனத்தின் தலைமை வேதியியலாளர் எச். வி. சர்ச்சில் தண்ணீரை நுட்பமாகச் சோதிக்கச் செய்தார். ஃப்ளோரைடு என்று முடிவு வந்தது. முதலில் அவரே நம்பவில்லை. மாதிரி கெட்டிருக்கும் என்று இன்னொன்றை வரவழைத்தார். மீண்டும் ஃப்ளோரைடு.

இதன் செயல்முறையைச் சற்று விளக்கவேண்டும், ஏனெனில் அவமதிப்புக்கு மருந்து இதில்தான் இருக்கிறது. நம் முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் வெளிவருகின்றன. ஆனால் அவற்றின் எனாமல் பிறந்த சில மாதங்களிலிருந்து நான்கைந்து வயதுக்குள், ஈறுக்குள்ளேயே வார்க்கப்பட்டு முடிந்துவிடுகிறது. அந்த வார்ப்புக் காலத்தில் குடிக்கும் நீரில் ஃப்ளோரைடு மிகுந்தால் எனாமல் இறுகாமல் நுண்துளைகளோடு நின்றுவிடும். பல் வெளிவரும்போது சுண்ணாம்புத் திட்டுகளாக இருக்கும். பிறகு உணவிலும் பானத்திலும் உள்ள நிறங்கள் அந்தத் துளைகளுக்குள் இறங்கிப் பழுப்பாகும். எத்தனை முறை துலக்கினாலும் போகாது. ஆக, இருபது வயதுப் பெண்ணின் பல்லில் நாம் காண்பது, அவள் மூன்று வயதில் எந்தக் கிணற்று நீரைக் குடித்தாள் என்ற பதிவை. இன்று காலை அவள் என்ன செய்தாள் என்பதற்கு அதில் ஒரு குறிப்பும் இல்லை.

இதே பருவத்தில் பல்லுக்குள் நுழையக்கூடிய இன்னொரு பொருளும் உண்டு. டெட்ராசைக்ளின் வகை மருந்துகளைச் சிறு குழந்தைகளுக்குக் கொடுத்தால் பல் மஞ்சளாகி, வெளிச்சம் பட்டுப் பட்டுச் சாம்பல் பழுப்பாக மாறும். இவ்வகையின் முதல் மருந்தான ஆரியோமைசின் 1948இல் வெளிவந்தது. அது உருவான லெடர்லி ஆய்வகத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். எண்ணற்ற உயிர்களைக் காத்த மருந்து அது. பல்லில் அதன் கறை பற்றிய செய்தி சில ஆண்டுகள் கழித்தே வந்தது. அந்தக் கறையோடு வாழ்கிறவர், ஒரு காய்ச்சலில் பிழைத்து எழுந்த குழந்தையாக இருக்கக்கூடும்.

மெக்கேயின் கதையிலிருந்து நம் நாட்டுக்கு வரவேண்டிய தூரம் அதிகமில்லை, ஆறே ஆண்டுகள். 1937இல், கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த எச். ஈ. ஷார்ட்டும் அவருடைய தோழர்களும் சென்னை மாகாணத்தில் ஃப்ளோரைடு நோய் ஊரூராக இருப்பதை எழுதி வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்தது அன்றைய மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்துச் சிற்றூர்கள். கட்டுரையாளர்களில் ஒருவர் சென்னையின் பர்னார்டு கதிரியல் நிலையத்துக்குப் பெயர் தந்த பர்னார்டு; எக்ஸ்-ரே படங்களில் எலும்புகள் இறுகி முதுகெலும்பு மூங்கில்போல் விறைத்திருப்பது தெரிந்தது. பல்லில் தெரிவது முன்னறிவிப்பு மட்டுமே என்பதும், அதே தண்ணீரைப் பல்லாண்டு குடித்தால் குனியவும் நிமிரவும் முடியாமற்போகும் என்பதும் அன்றே தெரிந்துவிட்டன. அந்த ஊர்க்காரர்களின் பல்லைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் அவர்களின் முதுகைப் பார்க்கவில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கு இது எப்படி வந்தது? மண்ணுக்கு அடியில் பழமையான கடினப் பாறை. அதிலுள்ள கனிமங்களில் ஃப்ளோரைடு உண்டு. மழை குறைவான நிலத்தில் நீர் பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்கி அதைக் கரைத்துக்கொள்கிறது. ஏரி நீரும் ஆழமற்ற கிணற்று நீரும் குடித்த வரையில் பாதிப்பு குறைவாக இருந்த ஊர்களிலும், ஏரிகள் வற்றி ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபோது நிலைமை மாறியது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம். வேறு வழியில்லாதபோது 1.5 வரை பொறுக்கலாம். அந்த எல்லையைத் தாண்டிய கிணறுகள் இவ்வட்டாரத்தில் ஏராளம். வறட்சிக்கு மருந்தாக அரசே தோண்டிக் கொடுத்த கைப்பம்புகளும் அவற்றில் அடங்கும். நல்லெண்ணத்தோடு செய்த காரியம் குழந்தைகளின் பல்லில் போய் எழுதியது.

மாணவி பிறகு நிறையப் பேசினாள். அவளுடைய ஊரில் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பார்களாம். வெளியூர் வரன்கள் பலவும் அந்தச் சிரிப்போடு நின்றுவிடும். பேருந்தில் பேச்சுக் கொடுப்பவர்கள் புகையிலை போடுவாயா என்று கேட்டதுண்டு. பள்ளியில் ஓர் ஆசிரியர் காலை வழிபாட்டு வேளையில் அவளையும் இன்னும் சிலரையும் வரிசையிலிருந்து எடுத்து, மறுநாள் பல் துலக்கிவிட்டு வரச்சொன்னாராம். "அவரு வேற ஊரு ஐயா" என்று அதற்கு அவளே சமாதானமும் சொன்னாள். நானும் வேறு ஊர்தான்.

1970களில் நாகபுரியின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு ஃப்ளோரைடை நீக்கும் எளிய முறையை உருவாக்கியது. கொடிய பாதிப்புக்குள்ளான தெலங்கானா மாவட்டத்தின் பெயரால் அதை நல்கொண்டா முறை என்கிறார்கள். முறை எளிதுதான்; நாள்தோறும் ஒவ்வொரு ஊரிலும் அதைச் செய்துகொண்டிருப்பதுதான் கடினம். நிலையான வழி ஆற்று நீர் ஒன்றே. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் முழுப்பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் என்ற சொல் இடம்பெற்றிருக்கிறது. கர்நாடகத்தில் எழுந்த எதிர்ப்பும் இங்கே நடந்த எதிர்ப்புக்கு எதிர்ப்பும் பலருக்கும் நினைவிருக்கும். திரைப்பட நடிகர்கள் உண்ணாநோன்பு இருந்ததைச் செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக எழுதின. எதற்காக அந்தத் தண்ணீர் வேண்டும் என்பதை எழுதியவர்கள் குறைவு. ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய்த் திட்டம், பெரும்பகுதி ஜப்பானியக் கடன். 2013 மே மாதம் முறைப்படித் தொடங்கிவைக்கப்பட்டது. எல்லா ஊருக்கும் எல்லா நாளும் போதுமான காவிரி நீர் வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். குழாயில் வராத நாளில் மக்கள் ஆழ்துளைக் கிணற்றுக்கே திரும்புகிறார்கள்.

அந்த மாணவி இப்போது ஒரு பள்ளியில் தமிழாசிரியை. ஆண்டுக்கு ஓரிரு முறை பேசுவாள். சென்ற ஆண்டு அழைத்தபோது குரலில் பதற்றம். மகளுக்கு ஏழு வயது. பால்பற்கள் விழுந்து மேலே இரண்டு புதுப் பற்கள் வந்திருக்கின்றன. "ஓகேனக்கல் தண்ணிதான் ஐயா குடுத்து வளர்த்தேன். வெளியூர் போனாக்கூடப் பாட்டில்ல எடுத்துட்டுப் போவேன். ஆனா மஞ்சளா இருக்கு" என்றாள். படம் அனுப்பச் சொன்னேன். பக்கத்திலிருக்கும் பால்பற்களைவிடச் சற்று மஞ்சளான, விளிம்பில் ரம்பம்போல் நெளிந்த இரண்டு பற்கள். கோடு இல்லை, திட்டு இல்லை. நிரந்தரப் பல் பால்பல்லைவிட மஞ்சளாகத்தான் முளைக்கும், டென்டின் அதில் தடிப்பு என்று சொன்னேன். நம்பிக்கை வராமல் இருமுறை கேட்டாள். ஒரு பல் மருத்துவரிடமும் காட்டிவிடச் சொன்னேன். மறுவாரம் காட்டியிருக்கிறாள், அவரும் அதையேதான் சொன்னாராம்.

படத்தில் குழந்தை வாயை அகலத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தது. கை எங்கேயோ தொங்கிக்கொண்டிருந்தது.